பத்து நாற்பதுக்கு வந்து சேர்ந்தவர்

அலுவலகத்தில் என் பெயர் பென்சில். பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்றும் உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. எங்கள் நகராட்சியில் ‘பேரிடர் முன்னேற்பாட்டுப் பிரிவு’ என்று ஒரு பலகை தொங்குகிறது. அந்தப் பலகைக்குக் கீழே ஒரு மேசை, ஒரு நாற்காலி, கதவு சரியாக மூடாத ஓர் இரும்பு அலமாரி, அப்புறம் நான். பிரிவு என்றால் அவ்வளவுதான். பதினொரு வருடமாக எல்லாத் தாளிலும் தேதியை மட்டும் பென்சிலில் எழுதிவந்தேன். மேலிடத்திலிருந்து யார், எப்போது ஆய்வுக்கு வருவார்கள் என்று சொல்ல முடியாது. வந்தால் பழைய தேதியை அழித்துவிட்டு, முந்தின வாரத்துத் தேதியைப் போட்டு நீட்ட வேண்டும். ரப்பர் ஒன்று கையில் இருந்தால் போதும், ஊர் எந்த நேரமும் தயார்.

ஆண்டுக்கு இரண்டு முறை வெள்ள ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி. ஊரிலேயே தாழ்வான இடம் பள்ளத் தெருவும் அதன் சந்துகளும். அங்கே தாமாக எழுந்து வெளியேற முடியாதவர்கள் நாற்பத்து மூன்று பேர். படுக்கையில் கிடப்பவர்கள், கண் தெரியாதவர்கள், கால் விளங்காதவர்கள். அவர்களை வண்டியில் ஏற்றி மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்த்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நேரத்தை எழுதி டிக் போட வேண்டும். அதற்கென்று ஒரு படிவம். அதன் தலையில் ‘ஒத்திகை / நிகழ்வு. பொருந்தாததை அடிக்கவும்’ என்று அச்சாகியிருக்கும். பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட நான் எதையும் அடித்ததில்லை. ஏன் அடிக்கவில்லை என்று கேட்டவரும் இல்லை.

முதல் வருடம் உண்மையாகவே கிளம்பினோம். முதல் வீட்டில் இருந்த பூட்டுக்காரரின் அப்பா, “செத்தப்புறம் நாலு பேர் தூக்கினாப் போதும், இப்ப ஆளை விடுங்கப்பா” என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஆணையரிடம் போய்ச் சொன்னேன். “எதுக்குப்பா வீண் அலைச்சல்? உட்கார்ந்த இடத்துலயே எழுதிடு” என்றார். அன்று உட்கார்ந்தவன்தான்.

உட்கார்ந்து எழுதுவதிலும் ஒரு கைவரிசை இருக்கிறது. எல்லோரும் ஒரே இடைவெளியில் வந்து சேர்ந்தால் பொய் பல்லிளித்துவிடும். அதனால் ஒருவருக்கு ஆறு நிமிடம், ஒருவருக்குப் பதினொன்று என்று கலைத்துப் போடுவேன். ஒரு முறை, பல்செட்டைத் தேடியதில் தாமதம் என்று பூட்டுக்காரரின் அப்பாவுக்கு எதிரே குறிப்பு எழுதினேன். களநிலையை நுணுக்கமாகப் பதிவு செய்திருப்பதாக மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. அவருக்குப் பல்லும் கிடையாது, பல்செட்டும் கிடையாது.

பட்டியலில் இரண்டாவது பெயர் என் அக்காவுடையது.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. தையல் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன் படியில் சறுக்கி விழுந்ததில் முதுகெலும்பு போனது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. தையல் இயந்திரத்துக்கு மோட்டார் வைத்து, முழங்கையால் அழுத்தும் பொத்தான் ஒன்றைத் தானே சொல்லிச் செய்ய வைத்துக்கொண்டாள். ஜன்னலோரம் துணி வெட்டும் பெரிய மேசை, பக்கத்தில் சக்கர நாற்காலி. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று எப்போதும் கைநிறைய வேலை இருக்கும். என்னோடு வந்து இரு என்று கூப்பிட்டால், “உன் பொண்டாட்டி நல்லவ. அவ நல்லவளாவே இருக்கட்டும்னுதான் நான் வரல” என்பாள்.

கடைசி ஒத்திகையை எழுதி முடித்த அன்று மாலை அவளைப் பார்க்கப் போயிருந்தேன்.

“அக்கா, இன்னைக்கு உன்னைக் காப்பாத்திட்டேன். பத்து நாப்பதுக்குப் பள்ளிக்கூடத்துல கொண்டு சேர்த்தாச்சு” என்றேன்.

“எப்போடா? நான் இங்க துணி தச்சிக்கிட்டுல்ல இருந்தேன்?”

“கஷ்டமில்லாம வந்து சேர்ந்தார்னு எழுதியிருக்கேன்.”

“அது பொய். என்னைத் தூக்கினா எவனுக்கும் இடுப்பு புடிச்சுக்கும். அதையும் சேர்த்து எழுது” என்று வாயில் ஊசியை வைத்துக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அது நடந்து பதினேழு நாள் கழித்து, காலை எட்டு மணிக்குத் தகவல் வந்தது. மேலே அணையின் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். பதினொரு மணிவாக்கில் தண்ணீர் எங்கள் ஊரைத் தொடும். ஆணையர் ஊரில் இல்லை. பேரிடர் விழிப்புணர்வுக் கருத்தரங்குக்குத் தலைநகருக்குப் போயிருந்தார். நான் சொல்லவில்லை, அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருந்தது.

எட்டேகாலுக்கு அவரே கூப்பிட்டார்.

“இங்க பாருப்பா, மேலிடத்துல அரை மணி நேரத்துல முன்னேற்பாட்டு நிலவர அறிக்கை வேணுமாம். எல்லா ஊருக்கும் கேட்டிருக்காங்க. நாமதான் முதல்ல அனுப்பணும்.”

“புதுசா தயார் பண்ண நேரமில்லையே சார்.”

“யார் புதுசா பண்ணச் சொன்னா? போன தடவைத் தாளை எடு, தேதியை மாத்து, அனுப்பு. இத்தனை வருஷம் என்ன பண்ணினே?”

இத்தனை வருடம் என்ன பண்ணினேனோ அதைத்தான் பண்ணினேன். அலமாரியைத் திறந்தேன், தாளை எடுத்தேன், ரப்பரால் பழைய தேதியை அழித்து, தூளை ஊதித் தள்ளி, அன்றைய தேதியை எழுதினேன். ஆணையரின் கையெழுத்தும் சீலும் ஏற்கெனவே இருந்தன. நாற்பத்து மூன்று டிக்கும் இருந்தன. மேலே ‘ஒத்திகை / நிகழ்வு’ அடிபடாமல் அப்படியே இருந்தது. எட்டரைக்குள் அனுப்பிவிட்டேன். நாங்கள்தான் முதல். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த கால்மணியில் மேலிடத்திலிருந்து நல்ல செய்தி வந்தது. இரண்டு படகு, ஒரு லாரி, பன்னிரண்டு ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள், ஒன்பதரைக்கு எங்கள் ஊரில் இருப்பார்கள். ஊர்ப் பட்டியலின் பிரதி ஒன்றைக் கட்டுப்பாட்டு அறை மேசையில் வைத்தேன். கட்டுப்பாட்டு அறை என்பது தொலைபேசியும் தொலைபேசி எடுக்கும் பெண்ணும் இருக்கும் அறை. பிறகு அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, ஒன்பதரைக்கு ஆளுங்க வர்றாங்க. பூட்டுக்காரர் வீட்டுக்கு அடுத்தது நீதான். மருந்து, போர்வை எடுத்து மடியில வச்சுக்கோ.”

“பக்கத்து வீட்டு மெத்தைக்காரர் இப்பவே வந்து தூக்கிட்டுப் போறேங்கறார்டா. அவர் மச்சான் வீட்டு மாடி காலியா இருக்காம்.”

“வேண்டாம், நீ நகராத. அவங்க வந்து பார்த்து ஆள் இல்லன்னா தேடிக்கிட்டு நிப்பாங்க, பின்னால இருக்கற நாப்பத்தோரு பேருக்கும் லேட்டாகும். பட்டியல்படி நடக்கட்டும்.”

“சரிடா ஆபீசர்” என்றாள்.

ஒன்பதேகாலுக்கு ஓட்டுநர் வண்டியை எடுத்தார். பள்ளிக்கூடச் சாவி என்னிடம், பாய்க்கட்டு வண்டியில். எங்களிடம் இருந்தது இந்த ஒரு வேன்தான். பள்ளத் தெரு முனை வந்தபோது ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

“சார், அக்காவை ஏத்திட்டுப் போயிடலாமா? வழிதானே?”

தெருமுனையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பூட்டுக்காரர் எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பா முதலாவது, என் அக்கா இரண்டாவது. முதலாவதைத் தாண்டி நகராட்சி வண்டியில் என் அக்காவை நான் ஏற்றினால், தன் வீட்டுக்கு மட்டும் தனி நியாயம் என்று ஊர் காலத்துக்கும் சொல்லும். அதுதான் எனக்குத் தோன்றியது. அந்தக் கிழவரையும் சேர்த்து ஏற்றிக்கொள்ள வண்டியில் இடம் இருந்தது என்பது தோன்றவே இல்லை.

“வேண்டாம்ப்பா. வரிசைப்படி வரட்டும். நீ போ” என்றேன்.

தரைப்பாலத்தைத் தாண்டி மேடேறினோம். வகுப்பறைகளைத் திறந்து பெஞ்சுகளை ஓரம் தள்ளினோம். நாற்பத்து மூன்று பாய் விரித்தேன். ஒவ்வொரு பாயிலும் பெயர் எழுதிய அட்டையை வைத்தேன். அக்காவுக்கு ஜன்னலோரம் போட்டேன், வெளிச்சம் இல்லாவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. வாழ்க்கையில் முதல் முறையாக என் திட்டம் தாளை விட்டு இறங்கித் தரையில் விரிந்து கிடந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பத்து மணி ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. முதல் ஆளைக் கொண்டுவந்தால் தகவல் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பத்தரை ஆயிற்று. வாசலில் நின்று தரைப்பாலத்தைப் பார்த்தேன். அதன் மேல் தண்ணீர் மெல்லிசாக வழிய ஆரம்பித்திருந்தது. பத்து நாற்பதுக்குக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன்.

“படகு எங்கம்மா?”

“படகு போயிடுச்சே சார்.”

“எங்க?”

“பக்கத்து ஊருக்கு. ஒன்பதரைக்கு இங்க வாசல்ல வந்து நின்னாங்க. அதுக்குள்ள அவங்க ஆபீஸ்லருந்து போன். இந்த ஊர்ல நாப்பத்து மூணு பேரையும் ஏத்தி முடிச்சாச்சு, அறிக்கை வந்திருக்கு, நீங்க அடுத்த ஊருக்குப் போங்கன்னு. என்னைக் கேட்டாங்க. நான் மேசையில இருந்த பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் டிக் போட்டிருந்தது. ஆமான்னேன். ஏன் சார், அங்க வரலையா?”

மேசையில் நான் வைத்துவிட்டு வந்த பிரதியும் அதே தாள்தான். ஒன்பதரை மணிக்கு, பத்து நாற்பதுக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்லும் ஒரு தாளை ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. அந்தத் தாளில் கடைசி ஆள் மாலை நாலு மணிக்கு வந்து சேர்ந்திருந்தார். சீல் இருந்ததே, அப்புறம் மணியை எவன் பார்ப்பான்? அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்தத் தாளைப் படிக்காமலே அனுப்பிய முதல் ஆள் நான்.

ஓட்டுநர்தான் என்னை இழுத்து வண்டியில் போட்டார். தரைப்பாலத்தில் பாதி தூரம் போவதற்குள் தண்ணீர் இன்ஜினில் ஏறி வண்டி நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். இடுப்பு வரை வந்தது, மார்பு வரை வந்தது, கால் தரையைவிட்டுக் கிளம்பியது. ஓட்டுநர் என் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். எனக்கு நீச்சல் தெரியாது. பேரிடர்ப் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது அதை யாரும் கேட்கவில்லை.

கரையில் உட்கார்ந்து ஓட்டுநரின் போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

“மேசை மேல ஏறிட்டேன்டா. கையாலயே ஏறினேன், நீ பார்த்திருந்தா கைதட்டியிருப்ப. நாற்காலி மிதக்குது.”

“மெத்தைக்காரரைக் கூப்பிடுக்கா, கத்து!”

“அவர் எப்பவோ போயிட்டார். திரும்பவும் வந்து கூப்பிட்டார்டா. நான்தான் என் தம்பி பட்டியல் போட்டிருக்கான், வந்துடுவாங்கன்னு அனுப்பி வச்சேன்.”

“அக்கா, தப்பு பண்ணிட்டேன்க்கா. எல்லாரும் வந்துட்டதா தாளை அனுப்பிட்டேன். படகு திரும்பிப் போயிடுச்சு.”

தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்ப நான்தான் ஏற்கெனவே அங்க வந்து சேர்ந்துட்டேனே. அப்புறம் எதுக்குடா அழற?” என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டு சொன்னாளா, குத்திக்காட்டிச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு, “ஜன்னல் வழியா…” என்று ஏதோ ஆரம்பித்தாள். போன் அடங்கிவிட்டது. அதன்பின் எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை.

படகை மறுபடி வரவழைக்கப் பிற்பகல் மூன்று மணி ஆயிற்று. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? முப்பத்தெட்டுப் பேரைப் பக்கத்து வீட்டுக்காரர்களே மாடிக்கும் கூரைக்கும் தூக்கியிருந்தார்கள். பட்டியலை அவர்கள் பார்த்ததில்லை, அதனால் பிழைத்தார்கள். ஐந்து பேர் போய்விட்டார்கள். பூட்டுக்காரரின் அப்பாவும் என் அக்காவும் அதில் அடக்கம்.

இரண்டு வாரம் கழித்து விசாரணை அதிகாரி வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. பதினொரு வருடத்துப் பொய்யையும் வரிசையாகச் சொன்னேன். பல்செட்டைக்கூட விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார்.

“இது யார் எழுதினது?”

“நான்தான் சார்.”

“நாப்பத்து மூணு பேரும் வந்து சேர்ந்தாங்கன்னு நீங்க எழுதியிருக்கீங்க. வரலன்னு இப்ப நீங்களே சொல்றீங்க. நான் நீங்க எழுதினதை நம்பணுமா, சொல்றதை நம்பணுமா?”

“சொல்றதைத்தான் சார் நம்பணும்.”

“எழுதினதுல சீல் இருக்கு” என்றார். கெட்டவர் இல்லை. எனக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தார். “அக்காவைப் பறிகொடுத்திருக்கீங்க. மனசு சரியில்லாம ஏதோ பேசறீங்க. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்களோ ஐந்து பேரை ஒரே தாளில் மறைத்தார்கள். அறிக்கை வந்தது. நகராட்சி உரிய நேரத்துக்கு முன்பே அனைவரையும் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிட்டது. ஐந்து பேர் அறிவுரையை மீறித் தாமாகவே வீடு திரும்பியதால் உயிரிழந்தனர். தாமாகவே! ஒன்பது வருடம் நடக்காத என் அக்கா, வெள்ளத்தில் மேட்டிலிருந்து இறங்கித் தாமாகவே நடந்து போயிருக்கிறாள். அதை எழுதியவர் நான் எழுதிய தாளைத்தான் ஆதாரமாகக் காட்டியிருந்தார். எங்கள் திட்டத்தை மற்ற ஊர்களும் பின்பற்றலாம் என்று கடைசிப் பத்தியில் ஒரு பரிந்துரை வேறு.

ஆணையர் அந்தப் பரிந்துரைப் பக்கத்தைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். நான் வேலையை விட்டிருக்கலாம். விட்டால் அந்த நாற்காலியில் இன்னொருவன் வந்து உட்கார்ந்து எழுதுவான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் போக்கிடம் இல்லை.

ஆறு மாதத்தில் அடுத்த ஒத்திகைக்கான படிவம் வந்தது. பெயர்ப் பட்டியலை மேலிடத்தில் இன்னும் திருத்தவில்லை. நாற்பத்து மூன்று பெயர். இரண்டாவது வரியில் அக்கா. எதிரே நேரம் எழுத ஒரு கட்டம் காலியாக இருந்தது.

உட்கார்ந்து பார்த்தேன். கை வரவில்லை. எழுந்து போய் ஓட்டுநரிடம், “வண்டியை எடுப்பா” என்றேன்.

வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய மணல் மூட்டைகள் கொட்டகையில் இருந்தன. இரண்டை அன்றே அக்கா வீட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். சேறு கழுவிய சுவரில் மேசைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் தண்ணீர்க் கோடு இருந்தது. மேசை அதே இடத்தில், சக்கர நாற்காலி மூலையில். நாற்காலியில் இரண்டு மூட்டையையும் ஏற்றி வைத்துக் கயிற்றால் கட்டினேன். அவள் எடைக்கு ஒரு கிலோ கூடுதலாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் சரியாக ஒன்பதேகாலுக்கு அலுவலக வாசலிலிருந்து கிளம்பினோம். பள்ளத் தெருவுக்குத் திரும்பினோம். மெத்தைக்காரர் வாசலில் நின்று பார்த்தார். நாற்காலியோடு தூக்கி வேனில் வைத்தோம். தரைப்பாலம், மேடு, பள்ளிக்கூட வாசல். இறக்கி ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தேன். ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சொல்லத் தயங்கினார்.

“சொல்லுப்பா.”

“இருபத்திரெண்டு நிமிஷம் சார்.”

ஒன்பது முப்பத்தேழு. அன்று தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறியது பத்தரைக்கு. கிழவரையும் ஏற்றியிருக்கலாம். இன்னும் இரண்டு நடைகூடப் போய் வந்திருக்கலாம்.

“இன்னொரு தடவை போலாம். இந்தத் தடவை மெதுவாப் போ. அன்னைக்குத் தெருவுல கூட்டம் இருந்துச்சு” என்றேன். மெதுவாகத்தான் போனார். நானும் வேண்டுமென்றே கயிற்றை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினேன். இருபத்தொன்று ஆயிற்று.

ஒரே ஒரு தடவையாவது முடியாமல் போக வேண்டும். வண்டி நிற்க வேண்டும், மூட்டை சரிய வேண்டும், என் இடுப்பு பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் கூட்டிப்போயிருந்தாலும் நடந்திருக்காது என்று யாராவது, எதுவாவது எனக்குச் சொல்ல வேண்டும். மூன்றாவது முறை கிளம்பினோம்.

“பத்தொம்பது சார்” என்றார் ஓட்டுநர். அவர் கண் கலங்கியிருந்தது. “நூறு தடவை போனாலும் இவ்வளவுதான் சார் ஆகும். விட்டுடுங்க.”

கை பழகிவிட்டது, அதனால்தான் நேரம் குறைகிறது. ஒத்திகை என்பதே அதற்குத்தானே. நாற்காலியை மறுபடி வேனில் ஏற்றி, பள்ளத் தெருவுக்கு விடச் சொன்னேன்.